மிடறும் நரம்பும் ஒருங்கே

தாமே பாடித் தாமே நரம்புக் கருவியையும் மீட்டும் ஒருவரிடத்தே நிகழ்வது ஒரு செயலோ, இரு செயல்களோ? பாடுதல் வாயின் தொழில், மீட்டுதல் கையின் தொழில். ஆதலின் அவை இரண்டே என்று எளிதில் விடை கூறிவிடலாம். இக்காலத்து ஒலிப்பதிவுக் கருவிகளும் பெரும்பாலும் இவ்விடையை ஏற்றுக்கொண்டே அமைந்துள்ளன. முதலிற் கருவியிசையை ஒரு தடத்திற் பதிந்துகொள்க. பின்னர் அதனைச் செவியிற் கேட்டுக்கொண்டே குரலை வேறொரு தடத்திற் பதிந்துகொள்க. பிழைபட்ட இடங்களை வெட்டித் திருத்துக. ஈற்றில் இரண்டையும் வேண்டிய அளவிற் கலந்துகொள்க என்று அவை வழிகாட்டுகின்றன. கைத்தொலைபேசியிலேயே இவ்வசதிகள் வந்துவிட்டமையால், கிற்றாருடன் தன் அறையில் அமர்ந்து தான் இயற்றிய பாடலைப் பதிய முயலும் மாணவனோ மாணவியோ வேறு வழியொன்று உண்டென்று எண்ணுவதே அரிதாகிவிட்டது.

வேறு வழி உண்டு. பாடலையும் மீட்டலையும் ஒரே வேளையில், ஒரே மூச்சிற் பதிதலே அது. அது பழைய வழி; இடர் மிகுந்த வழி; பதிந்த பின் திருத்துதற்கு அதிகம் இடந்தராத வழி. ஆயினும் அவ்வழியினாற் கிடைப்பதொன்று மற்றை வழியினாற் கிடைப்பதில்லை. அஃது யாது என்பதையும், வீட்டிலிருந்தே அதனைப் பெறுமாறு எங்ஙனம் என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

தமிழாசிரியன் ஒருவன் ஒலிவாங்கியையும் மேனாட்டுக் கிற்றாரையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். யாழின் நரம்புகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்து, 1947 இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை நமக்குத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த நாட்டில் அவ்வியப்பு நெடுநேரம் நில்லாது. இசையின் இன்பத்தை இலக்கியத்தாலும் அதன் காரணத்தைப் பௌதிகத்தாலும் அறிதல் நமக்குப் புதிதன்று.

ஸ்டோவல் பண்ணையில் ஒரு குடில்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, கிளாக்ஸ்டேல் என்னும் ஊருக்கு அண்மையில் ஸ்டோவல் என்னும் பருத்திப் பண்ணை இருந்தது. 1941 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அப்பண்ணைத் தொழிலாளி ஒருவரின் குடிலை நாடி இருவர் வந்தனர். ஒருவர், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டு நாட்டார் பாடல்களைத் திரட்டிவந்த அலன் லோமக்ஸ். மற்றையவர், பிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பின இசையறிஞர் ஜோன் வேர்க். அவர்கள் கண்ட தொழிலாளியின் பெயர் மக்கின்லி மோகன்பீல்ட். மடி வோட்டர்ஸ் என்னும் பட்டப்பெயராலேயே உலகம் பின்னர் அவரை அறிந்தது. அப்போது அவர் முப்பது வயதை எட்டாதவர். பண்ணையில் உழவு இயந்திரம் ஓட்டியவர். கிற்றார் மீட்டிப் பாடுவதில் அயலிற் பெயர்பெற்றவர். களவாக மது விற்றுவந்தமையால், வந்தவரை அரசிறை அதிகாரியென்றே முதலில் ஐயுற்றதாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார்.

வந்தவர்கள் கொண்டுவந்த கருவி, சுழலும் தட்டின்மீது ஊசியினால் ஒலியை நேரே வெட்டிப் பதிவது. நாடா இல்லை; தடங்கள் இல்லை. குரலைப் பின்னர் உயர்த்தவோ கிற்றாரைப் பின்னர் தாழ்த்தவோ இடமில்லை. தட்டிலே ஊசி இறங்கிய கணத்திலிருந்து அது மேலெழும் கணம்வரை அறையில் நிகழ்ந்தது யாதோ, அதுவே பதிவு.

அன்று அவர் பாடியவற்றைக் கேட்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் நரம்பை விரலால் அழுத்துவதோடு அமைபவரல்லர். புட்டியின் கழுத்துப் போன்ற சிறு குழலொன்றை விரலில் அணிந்து, அதனை நரம்பின்மேல் வழுக்கிச் செல்லவிட்டு இசைப்பவர். அங்ஙனம் வழுக்கி எழும் ஒலி மனிதக் குரலைப் பெரிதும் ஒத்தது. குரல் ஓரடியைப் பாடி நிறுத்த, நரம்பு அதற்கு மறுமொழி பகர்கின்றது. குரல் விட்ட இடத்தை நரம்பு நிரப்ப, நரம்பு ஓய்ந்த இடத்திற் குரல் எழுகின்றது.

தாளமும் அவ்வாறே நெகிழ்கின்றது. அந்நிலத்துப் புளூஸ் பாடகர் பலர், பன்னிரண்டு தாளக்கூறுகள் கொண்ட தம் பாடலமைப்பை மூச்சுக்கேற்ப நீட்டியுங் குறுக்கியும் பாடுவர். ஓரடி நீண்டால் கை ஒரு துடிப்புக் கூடுதலாகக் காத்திருக்கும். குரல் விரைந்தாற் கையும் விரையும். இந்நெகிழ்ச்சியை எவரும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. பாடுபவரும் அதனை முன்னரே அறியார், பாடும்போதே அறிகின்றார். கையின் இசையை இன்று பதிந்து, குரலை நாளை சேர்ப்பதாயின், அங்கே யார் யாருக்குக் காத்திருப்பது?

பதிந்த தட்டின் இரு பிரதிகளும் 20 டொலரும் பின்னர் அவருக்கு அனுப்பப்பட்டன. தம் குரலைத் தாமே கேட்டபோது, தம்மாலும் இது இயலும் என்னும் துணிவு பிறந்ததென அவர் நினைவுகூர்ந்துள்ளார். 1943 இற் பண்ணையை விட்டுச் சிக்காகோ நகருக்குச் சென்றார். அங்கே மின்கிற்றாரைக் கையேற்று, அந்நகரத்துப் புளூஸ் இசைக்குத் தலைமகனானார். ஒரு குடிலிற் செய்த பதிவு ஒரு மனிதனின் வாழ்வைத் திருப்பிவிட்டது. அவர் கேட்டது பிறர் வெட்டி ஒட்டிச் செப்பஞ்செய்த குரலையன்று. ஒரு மாலையோ பகலோ தம் குடிலிலே தாம் பாடியவாறே கேட்டார். அதனாலன்றோ அதனைத் தம்முடையதென்று நம்ப முடிந்தது?

பிரித்தலும் வீட்டில் வளர்ந்ததே

பிரித்துப் பதியும் முறையை இகழ்தல் நம் கருத்தன்று. அம்முறையின் வளர்ச்சியிலும் வீட்டுக்குப் பங்குண்டு. லெஸ் போல் என்னும் கிற்றார் வித்தகர், ஹொலிவூட்டிலிருந்த தம் வீட்டுக் கார்க் கொட்டகையிலே, முன்னர்ப் பதிந்த தட்டினை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து மீண்டும் இசைத்து, இரண்டையும் புதிய தட்டொன்றிற் பதிந்தார். இவ்வாறு பன்முறை செய்து, ஒருவரே பல கிற்றார்களை ஒருங்கு இசைப்பது போன்ற பதிவை ஆக்கினார். 'லவர்' என்னும் அப்பதிவு 1948 இல் வெளிவந்தது. காந்த நாடா கைக்கு வந்தபின், தம் மனைவி மேரி போட்டின் குரலையும் அவ்வாறே அடுக்கடுக்காகப் பதிந்தார். 1951 இல் வெளிவந்த 'ஹவ் ஹை த மூன்' என்னும் பாடலிலே ஒரு பெண் தன்னோடு தானே சேர்ந்து பாடும் விந்தையைக் கேட்கலாம்.

இவ்விந்தை ஒன்றாய்ப் பதிதலால் ஆகாது. ஒருவர்க்கு இரு மிடறுகள் இல்லை. எட்டுக் கைகளும் இல்லை. இயற்கையில் நிகழாத ஒன்றை ஆக்குதற்கு லெஸ் போல் கண்ட அரிய உபாயம் அது. பின்னர்ப் பல தடங்கள் கொண்ட நாடாக் கருவிகள் கலையகங்களிற் பரவின. நாளடைவில் அவ்வுபாயம் பொது வழக்கமாயிற்று. இயற்கையில் ஒருங்கே நிகழும் செயலையும் முதலிற் பிரித்து, அப்பாற் சேர்த்துக் காட்டவேண்டும் என்ற நிலை வந்தது. நாம் ஐயுறுவது இந்த இடத்தையே.

கோல்ட்ஸ் நெக்கில் ஓர் அறை

இனி, நாற்பது ஆண்டுகள் கடந்து மற்றொரு வீட்டுக்குச் செல்வாம். புறூஸ் ஸ்பிறிங்ஸ்டீன், 1981 ஆம் ஆண்டின் இறுதியிற் பெரும் புகழ் வாய்ந்த றொக் இசைப் பாடகர். நீண்ட இசைப் பயணமொன்றை முடித்துக்கொண்டு, நியூ ஜேர்சி மாநிலத்திலே கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்தார். கலையகத்திற்குச் சென்று, அங்கே பாடல்களை எழுதித் திருத்துவதிற் காலமும் பணமும் வீணாவதைக் கண்டு, பாடல்களை முதலில் வீட்டிலேயே பதிந்து பார்க்க விரும்பினார். உதவியாளர் ஒருவர் அவருக்கு ரியாக் நிறுவனத்தின் 'போட்டாஸ்ரூடியோ 144' என்னும் கருவியை வாங்கி வந்தார். 1979 இல் வெளிவந்த அக்கருவி, சாதாரண ஒலிநாடாக் கசெற்றிலே நான்கு தடங்களிற் பதிய வல்லது. ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 57 என்னும் எளிய ஒலிவாங்கிகள் இரண்டும் உடனிருந்தன.

அப்பாடல்களிற் பெரும்பாலானவற்றை 1982 ஜனவரியில் தம் படுக்கையறையிற் பதிந்தார். தடங்களைப் பிரித்தற்கென்றே அமைந்த கருவியில் அவர் செய்தது கருதத்தக்கது. குரலும் மரக் கிற்றாருமாகப் பாடலை முதலிற் பாடி முடித்தார். எஞ்சிய இரு தடங்களிலே, வேண்டிய இடத்து மட்டும், துணைக்குரலோ மற்றொரு கிற்றாரோ சிறு தாளக் கருவியோ சேர்த்தார். பாடலின் உயிர் அந்த முதற் பாட்டிலேயே அமைந்துவிட்டது. பின்னர் அவற்றை எதிரொலிக் கருவியொன்றின் வழியாகச் செலுத்தி, பழைய பனசோனிக் கசெற் பெட்டியொன்றிற் கலந்து பதிந்தார். அந்தக் கசெற்றைக் கூடின்றித் தம் சட்டைப்பையிற் சில வாரங்கள் கொண்டு திரிந்தார்.

ஏனெனில், அஃது ஒரு மாதிரிப் பதிவு என்றே அவர் எண்ணியிருந்தார். பின்னர்த் தம் இசைக்குழுவினருடன் நியூ யோர்க் கலையகத்திலே அப்பாடல்களை மீண்டும் பதிந்தார். குழுவினர் திறமை மிக்கவர், கருவிகள் உயர்ந்தவை, ஒலி தெளிவானது. ஆயினும் பாடல்கள் தம் தன்மையை இழந்தன. ஈற்றில், சட்டைப்பையிற் கிடந்த அந்தக் கசெற்றையே இசைத்தட்டாக வெளியிடத் துணிந்தனர். அதிலிருந்து தட்டு வெட்டுவதும் எளிதாயிருக்கவில்லை. பல முயற்சிகளின் பின்னரே கைகூடியது. 'நெப்றாஸ்கா' என்னும் பெயருடன் 1982 செப்டெம்பரில் அது வெளிவந்தது. குழுவினருடன் அந்நாளிற் பதிந்தவை சில 2025 இல் வெளியிடப்பட்டமையால், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பும் இன்று நமக்கு உண்டு.

இங்கே நடுவுநிலை பிறழாது ஒன்றைக் கூறுதல் வேண்டும். 'போண் இன் த யூ.எஸ்.ஏ.' என்னும் பாடலும் அதே வீட்டில் அதே வேளையில் முதலிற் பதியப்பட்டதே. அப்பாடலுக்குக் குழுவினரின் முழக்கமே பொருந்திற்று. 1984 இல் அதே பெயருடைய இசைத்தட்டில் அது உலகெங்கும் ஒலித்தது. ஆதலின், கூட்டிசை தாழ்ந்தது, தனியிசை உயர்ந்தது என்பது முடிபன்று. நெப்றாஸ்காப் பாடல்களோ தனி மனிதர் தம்முட் பேசிக்கொள்வன போன்றவை. கொலைஞன் ஒருவன் பேசுகின்றான். வேலையிழந்து கடனில் மூழ்கியவன் ஒருவன் பேசுகின்றான். அப்பேச்சின் தயக்கங்களைக் கிற்றாரும் தயங்கியே பின்பற்றவேண்டும். பேசுகின்ற மனமே கையையும் இயக்கும்போது அத்தயக்கம் தானே அமைகின்றது. ஒரு செயலோ இரு செயல்களோ என முன்னர் எழுப்பிய வினாவிற்கு இவ்வீடு தரும் விடை இதுவே: செய்யும் உறுப்புகள் இரண்டு, செய்பவன் ஒருவன், காலமும் ஒன்று.

கசிவு என்னும் இடர்

இனிப் பௌதிகத்திற்கு வருவாம். ஒருங்கே பதிவோர் முதலிற் சந்திக்கும் தொல்லை கசிவாகும். குரலுக்கென ஓர் ஒலிவாங்கியும் கிற்றாருக்கென ஓர் ஒலிவாங்கியும் வைத்தால், குரல் கிற்றாரின் ஒலிவாங்கியிலும், கிற்றார் குரலின் ஒலிவாங்கியிலும் புகுந்துவிடும். புகுவது மட்டுமாயிற் குற்றமில்லை. அது காலந்தாழ்த்திப் புகுவதே தொல்லை.

அறை வெப்பநிலையிலுள்ள காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். எனவே 34.3 சதமமீற்றரைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு வேண்டும். பாடுபவரின் குரல் தனக்குரிய ஒலிவாங்கியை அடைந்து, அதனினும் 34.3 சதமமீற்றர் கூடிய தூரஞ் சென்று மற்றையதை அடைகின்றதெனக் கொள்வோம். 500 ஏட்சு மீடிறனுடைய ஒலிக்கு ஓர் அலைவின் காலம் ஆயிரத்தில் இரண்டு பங்கு செக்கன். ஆகவே தாமதம் சரியாக அரை அலைவு. முதலாவது ஒலிவாங்கியில் அலையின் முடி நிற்கும்போது இரண்டாவதில் தாழி நிற்கும். இரண்டையும் கலந்தால் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அவ்வாறே 1500, 2500 ஏட்சு மீடிறன்களிலும் கழிவு நிகழும். இடையிலுள்ள 1000, 2000 ஏட்சு மீடிறன்களிற் கூடுதல் நிகழும். சீப்பின் பற்களைப்போல இடைவெளி இடைவெளியாகக் குரல் அரிபடுகின்றது. குழாய்க்குள் இருந்து பாடுவது போலவும், உடலின்றிக் குரல் மட்டும் மிதப்பது போலவும் தோன்றும் பதிவுகளுக்கு இந்த அவத்தை வித்தியாசமே பெரும்பாலும் காரணம்.

இதற்கு மருந்து மூன்று. முதலாவது தூரம். ஓர் ஒலிவாங்கி தனக்குரிய ஒலியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அதன் மும்மடங்கு தூரமேனும் மற்றை ஒலிவாங்கி அவ்வொலியிலிருந்து விலகியிருத்தல் வேண்டும் என்பது ஒலிப்பதிவாளரின் வழக்கு. வாய்க்கும் அதன் ஒலிவாங்கிக்கும் இடையே 15 சதமமீற்றராயின், வாய்க்கும் கிற்றாரின் ஒலிவாங்கிக்கும் இடையே 45 சதமமீற்றருக்குக் குறையலாகாது. மும்மடங்கு தூரத்தில் ஒலியின் அமுக்கம் ஏறத்தாழ மூன்றிலொன்றாகும், அதாவது 9.5 தெசிபெல் அளவு குறையும். சமமில்லாத இரண்டு ஒன்றையொன்று முற்றாகக் கழிக்க மாட்டா.

இரண்டாவது திசை. ஒலிவாங்கிகள் யாவும் எல்லாத் திசையிலும் ஒருபடித்தாய்க் கேட்பனவல்ல. ஸ்பிறிங்ஸ்டீன் கையாண்டவை போன்ற இதயவடிவ வகை முன்னே நன்றாகவும் பின்னே மிகக் குறைவாகவும் கேட்கும். 8 என்னும் இலக்க வடிவினது முன்னும் பின்னும் கேட்டு, இரு பக்கமும் ஏறக்குறையச் செவிடாயிருக்கும். குரலின் ஒலிவாங்கியை வாய்க்குச் சற்றுக் கீழே வைத்து மேல்நோக்கச் செய்தால், அதன் முதுகு கிற்றாரை நோக்கும். கிற்றாரின் ஒலிவாங்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால், அதன் முதுகு வாயை நோக்கும். எண்வடிவ வகையாயின், அதன் செவிட்டுப் பக்கத்தை வேண்டாத ஒலிக்குக் காட்டவேண்டும். ஒலிவாங்கி எதைக் கேட்கவேண்டும் என்பதைக் காட்டிலும் எதைக் கேளாதிருக்கவேண்டும் என்று எண்ணி வைப்பதே இங்குச் சிறந்த வழி.

மூன்றாவது மருந்து எல்லாவற்றினும் எளியது: ஒலிவாங்கி ஒன்றே போதும். ஒன்று மட்டும் இருக்கும்போது இரண்டுக்கும் இடையே பிணக்கு ஏது? அறைச்சுவரின் தெறிப்பைத் தவிர வேறு தாமதமில்லை. புதிதாய்த் தொடங்குவோர்க்கு இதனையே யாம் பரிந்துரைப்போம்.

வீட்டிற் செய்யுமாறு

முதலில் அறையைத் தேர்க. வெறுஞ் சுவரும் சீமெந்துத் தரையுமான அறை ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். மெத்தை இட்ட கட்டில், துணி தொங்கும் அலுமாரி, திரைச்சீலை, நூல்கள் நிரம்பிய அடுக்கு ஆகியன உள்ள அறை ஒலியை அடக்கித் தரும். படுக்கையறை இப்பணிக்குப் பொருந்துவது இதனாலேயே. சுவருக்கு முகங்கொடுத்து மிக நெருங்கி அமரற்க. மின்விசிறியை நிறுத்துக. கீச்சிடும் நாற்காலியையும் கிற்றாரிற் படும் சட்டைப் பொத்தானையும் முன்னரே கண்டு விலக்குக. வீதியோசை அடங்கும் வேளையை அறிந்து வைத்துக்கொள்க.

ஒலிவாங்கி ஒன்றாயின், அதனைப் பாடுபவருக்கு முன்னே அரை மீற்றர் அளவில், மார்பின் உயரத்தில் நிறுத்தித் தொடங்கலாம். குரல் மெலிந்து ஒலித்தாற் சிறிது உயர்த்துக. கிற்றார் மெலிந்தாற் சிறிது தாழ்த்துக. கிற்றாரின் ஒலித்துளையை நேரே நோக்கவைத்தாற் கீழொலிகள் பருத்து முழங்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, அதாவது பல கிற்றார்களிற் பன்னிரண்டாம், பதினான்காம் மெட்டுகளை அண்டிய இடத்தை நோக்கவைத்தால் நரம்பின் தெளிவும் மரத்தின் நிறைவும் ஒத்து வரும். இதயவடிவ ஒலிவாங்கியை மிக நெருங்கிப் பாடினும் கீழொலிகள் பெருகும் என்பதை மறவற்க. பாடலின் மிக உரத்த பகுதியை முதலிற் பாடிப் பார்த்து, அப்பகுதியும் அளவு கடவாதவாறு பதிவளவைத் தாழ்த்தி வைத்துக்கொள்க. இக்காலத்து எண்முறைக் கருவிகளில் அளவு கடந்த ஒலி சிதைந்தே பதியும், மீட்டெடுத்தல் அரிது.

ஓரடியோ ஈரடியோ பாடிப் பதிந்து, கேட்டு, இடம் மாற்றி, மீண்டும் பதிக. நல்ல இடம் கிடைத்ததும் நாற்காலியின் காலுக்கும் ஒலிவாங்கிக் காலுக்கும் தரையிற் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுக. பத்துச் சதமமீற்றர் பெயர்ச்சி, எந்தக் கருவியின் திருகாணியாலும் செய்ய இயலாத மாற்றத்தைச் செய்துவிடும். அப்பாற் சுருதியைச் சரிபார்த்துப் பாடலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாடுக. பிழை நேர்ந்தால் இடையில் நில்லாது முடித்துவிட்டு, மீண்டும் முழுவதையும் பாடுக. மூன்று முதல் ஐந்து முறை பாடி, அவற்றுள் முழுமையாய் ஒன்றைத் தெரிந்துகொள்க. ஒன்றின் முற்பகுதியையும் மற்றொன்றின் பிற்பகுதியையும் ஒட்டும் ஆசை எழும். முதல் நாளிலேனும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டா.

சமன்செய்யும் பொறுப்பு யாருடையது?

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார் உளர். ஒரு சொல் பிழைத்தால் முழுப்பாடலையும் மீண்டும் பாடவேண்டுமா? தனித்தனியே பதிந்தால் அச்சொல்லை மட்டும் திருத்திவிடலாமே! குரல் தாழ்ந்திருந்தால் விரலசைவில் உயர்த்திவிடலாமே!

வினா நியாயமானதே. கிற்றாரின் பகுதி பாடிக்கொண்டே இசைக்க இயலாத அளவு கடினமானதாயின், அங்கே உண்மையாகவே இரு செயல்கள் உள்ளன, தனித்தனியே பதிக. வேறொருவர் இசைக்கப் பாடுவதாயின், அதுவும் வேறு பொருள். இவ்விடங்களில் லெஸ் போலின் வழி சிறந்த வழியே. பாடுபவர் தம் இயல்பிலேயே மீட்டிப் பாடுகின்ற பாடலைப் பற்றியே யாம் கூறுகின்றோம்.

அத்தகைய பாடலைப் பிரித்துப் பதிவதால் வரும் இழப்பு தாளநெகிழ்ச்சி மட்டுமன்று. குரலையும் நரம்பையும் சமன்செய்யும் பொறுப்பு பாடுபவரிடமிருந்து கருவிக்குப் போய்விடுகின்றது. தனியே கிற்றாரைப் பதிபவர், தம் கண்ணுக்குத் தெரியாத குரலொன்றுக்காக அடக்கி மீட்ட வேண்டும். அடக்குதல் எவ்வளவு என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? ஆகையால் முழுவதையும் ஒரே அளவில் மீட்டிவிடுகின்றார். பின்னர்க் குரலைப் பதியும்போது, ஹெட்போன் வழியாக வரும் மாறாத இசைக்குப் பின்னே ஓடுகின்றார். அங்கே கேட்பவர் இருவர் இல்லை. கேளாத ஒன்றும் அதனைத் துரத்தும் ஒருவரும் உள்ளனர். ஒருங்கே பதிபவரோ, மெல்லிய சொல்லுக்கு வலக்கையைத் தாமே தளர்த்துகின்றார். அடி முடிந்த இடத்திலே நரம்பை ஓங்கவிடுகின்றார். பின்னர்த் திருத்த இயலாது என்று அறிந்தமையாலேயே அப்போதே செவி கூர்ந்து பாடுகின்றார். ஸ்டோவல் பண்ணையிலே தட்டு வெட்டிய ஊசி மடி வோட்டர்ஸுக்கு வேறு வழி விடவில்லை. ஸ்பிறிங்ஸ்டீனுக்கு வழி நான்கு தடங்களாய்த் திறந்திருந்தது. எனினும் அவர் முதலில் ஒருங்கே பாடினார். இருவர் பதிவிலும் நாம் கேட்பது இந்தச் செவியின் விழிப்பே.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே ஒரு கடமை உண்டு. பாடி மீட்டும் இளைஞர் இன்று நம் வகுப்புகளிற் பலர். அவர்கள் கையிலுள்ள கருவி, 1941 இல் லோமக்ஸ் சுமந்துவந்ததைக் காட்டிலும், 1982 இல் ஸ்பிறிங்ஸ்டீன் கொண்டிருந்ததைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயின், தம் குரலைக் கேட்டு வெட்கமுற்று, அதனை வெட்டியும் நேராக்கியும் மாற்றியும், ஈற்றில் தம்முடையதென்று அறியவியலாத ஒன்றை வைத்துக்கொண்டு மனஞ்சோர்வோர் பலரைக் காண்கின்றோம். அவர்களிடம் பெரிய அறிவுரை எதுவும் கூறவேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு நாற்காலி, ஓர் ஒலிவாங்கி. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பாடல். அதனைப் பதிந்து, திருத்தாமல், ஒருமுறை முழுவதும் இருந்து கேட்கச் சொல்வோம். அதிலே பிழை இருக்கும். மூச்சு வாங்கும் ஓசை இருக்கும். விரல் நரம்பில் உரசும் ஓசையும் இருக்கும். அவற்றோடு அந்தப் பிள்ளையும் அங்கே இருக்கும். அடுத்த பதிவை எவ்வாறு செய்வதென்பதை அதன்பின் அவர்களே தீர்மானிக்கட்டும்.